முகாம் பார்க்கப் போனோம்

1

மகனுக்கு ஆமியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று ஊருக்குத் தொலைபேசியில் சொன்னது என்னுடைய பிழைதான். மறுமுனையில் அக்கா குரலெடுத்தார்.

“ஐயோ கடவுளே! அங்கையும் பிடிக்கத் தொடங்கிட்டாங்களோ?”

“பிடிக்கேல்லை அக்கா. கடிதம் போட்டுக் கூப்பிட்டிருக்கிறாங்கள்.”

“கடிதம் போட்டோ?”

“ஓம். ரயில் டிக்கெட்டும் சேத்து அனுப்பியிருக்கிறாங்கள்.”

அக்கா நம்பவில்லை. சண்டையால் ஊருக்கு வரும் பாதை மறுபடி பூட்டிக் கிடந்த வருடம் அது. ஒரு பெடியனுக்கு நாளும் நேரமும் குறித்து, “மதிப்புக்குரிய திரு” என்று தொடங்கி, டிக்கெட்டும் வைத்துக் கூப்பிடும் ஆமியை அவர் எங்கே கண்டார்? “நீ என்னட்டை எதையோ மறைக்கிறாய்” என்று அழுதபடி வைத்துவிட்டார். தொலைபேசி அட்டையில் இன்னும் பதினொரு நிமிடம் மிச்சமிருந்தது.

ஆகவே ஊரில் இருக்கும் நீங்கள் எல்லோரும் அறிய இதை எழுதுகிறேன். என் மகனை யாரும் பிடிக்கவில்லை. சுவிஸ் நாட்டில் பிரஜையான எந்த ஆண்பிள்ளையும் இருபது வயதை ஒட்டி ஆமிப் பயிற்சிக்குப் போகவேண்டும். வங்கி முகாமையாளரின் மகனும் போவான், மாட்டுப்பண்ணைக்காரரின் மகனும் போவான். நாங்கள் பிரஜையாகி மூன்று வருடம். அந்தச் சிவப்புப் பாஸ்போர்ட் வந்த அன்று அதை முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் கொளுத்தினோம். அதோடு சேர்த்து, ஆமிக்குப் போகிற பிள்ளையின் தோளில் வீட்டுக்கு ஒரு துவக்கும் வரும் என்று முருகனும் சொல்லவில்லை, அலுவலகத்தில் இருந்த அம்மாவும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார், எனக்குத்தான் விளங்கியிருக்காது.

2

நாங்கள் இருப்பது துன் நகரத்தில். நான் ஏரிக்கரை விடுதி ஒன்றின் சமையலறையில் பதினாறு வருடமாக வேலை. என் மனைவி பத்மா அதே விடுதியில் துணி வெளுக்கும் பகுதியில். எங்கள் ஒரே மகன் நிரோஜன், கைக்குழந்தையாக எங்கள் மடியில் கிடந்து இந்த நாட்டுக்கு வந்தவன், இயந்திரத் தொழில் படித்து முடித்துவிட்டான். கூடப் படித்தவர்கள் அவனை நீரோ என்று கூப்பிடுகிறார்கள். ஆசைப்பட்டு முருகன் கோயிலில் வைத்த பெயர் பாதியாய்ப் போய்விட்டது. அவனுக்கு அதில் ஒரு கவலையும் இல்லை.

துன்னில் பெரிய ஆமி முகாம் ஒன்று இருக்கிறது. எப்படியும் மகனை அங்கேதான் போடுவார்கள் என்று பத்மா ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். போட்டால் மத்தியானம் சோறும் கறியும் கட்டிக்கொண்டு போய் வாசலில் கொடுத்துவிட்டு வரலாம். ஆனால் கடிதம் வேறு இடம் சொன்னது. மலைக்கு அந்தப் பக்கம், வலே மாநிலத்தில் ஒரு பள்ளத்தாக்கு. பெயரை எழுத வேண்டாம், அது படை ரகசியம் என்கிறான் மகன். அந்த இடத்தின் பெயர் பஸ் தரிப்பிடத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. இருந்தாலும் பிள்ளையின் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து விடுகிறேன்.

கடிதத்தோடு கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியலும் இருந்தது. உள்ளாடை, பற்தூரிகை, பழகிய சப்பாத்து, பூட்டு. காயத்துக்குப் போடும் பிளாஸ்டர்கூட எழுதியிருந்தார்கள். எந்தப் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கும் இதே பட்டியல்தான் வரும். நான் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பத்மா கடைசிவரை கேட்டாள்.

“எல்லாம் சரி. திரும்பி எப்ப விடுவாங்கள் எண்டு எழுதியிருக்கோ?”

“வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை விடுவாங்களாம்.”

“விடுறம் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம்.”

அடுத்த வாரமே அவள் ஒரு வேலை பார்த்தாள். நிரோஜனுக்குச் சின்ன வயதில் ஆஸ்துமா, முட்டு இழுக்கும். ஏழு வயதோடு நின்றுவிட்டது. எங்கள் குடும்ப டொக்டரிடம் போய், அந்த முட்டு வருத்தத்தை மறுபடி உயிர்ப்பித்து ஒரு கடிதமாக வாங்கி வந்துவிட்டாள். முதல் நாள் ஆமி வைத்தியரிடம் அதை நீட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கடிதம் அவளுடைய கைப்பையில் ஏறியது. நிரோஜன் குதித்தான்.

“அம்மா, நான் வாரத்திலை மூண்டு நாள் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுறன். என்ர வகுப்பிலை எல்லாப் பெடியளும் போறாங்கள். நான் மட்டும் முட்டுக்காரன் எண்டு திரும்பி வாறதோ?”

“திரும்பி வாறதுதான் எனக்கு வேணும்.”

என்னைப் பார்த்தார்கள் இருவரும். நான் வீட்டுத்தலைவன் அல்லவா? இருக்க இடம் தந்த நாடு, உண்ட வீட்டுக்கு இரண்டகம் கூடாது என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். பேசும்போது எனக்கே உடம்பு புல்லரித்தது. பத்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். அந்த இடத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்து மனம் ஒப்பினால் மகன் போகலாம். ஒப்பாவிட்டால் கடிதம். தாயின் கண்ணீரை மிதித்துக்கொண்டு போகிற பிள்ளை இல்லை நிரோஜன், அவனும் சரியென்றான்.

3

நம்மவர்களுக்கு ஒரு இடத்தை அறிவதென்றால் வரைபடம் தேவையில்லை. “அங்கை எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?” என்ற ஒரு கேள்வி போதும். பெண் கொடுக்கப் போகிற வீட்டை விசாரிக்கிற அதே முறையில்தான் முகாமையும் விசாரித்தோம். முருங்கைக்காய் வாங்கும் சூரிச் கடைக்காரரிடம் முதலில் கேட்டேன். அவர் பீல் நகரத்தில் இருக்கும் தன் சகலனிடம் கேட்டார். சகலனுக்குக் கீழ் வேலை செய்தவரின் ஒன்றுவிட்ட தம்பி அந்தப் பள்ளத்தாக்கிலேயே இருந்தார். பெயர் லோகநாதன். அந்த மலையில் இருக்கிற ஒரேயொரு தமிழன். ஒரு சின்ன விடுதியில் சமையல். மூன்று தொலைபேசி அழைப்பில் ஆளைப் பிடித்தாயிற்று. சுவிஸ் உளவுத்துறைக்குக்கூட ஒரு வாரம் எடுத்திருக்கும்.

“அண்ணை, இஞ்சை மனிசரைவிட மாடுதான் கூட” என்றார் லோகநாதன். “ஆமிப் பெடியள் நல்ல பிள்ளையள். வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வீட்டை போயிடுவினம்.”

“எல்லாருமோ? அப்ப சனி ஞாயிறிலை சண்டை வந்தால்?”

“திங்கக்கிழமை வருவினம் அண்ணை.”

இதைப் பத்மாவிடம் சொன்னபோது, மூன்று வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

நான் இன்னொரு பக்கம் படிக்கத் தொடங்கினேன். பிரஜாவுரிமைப் பரீட்சைக்குத் துன் ஏரியின் ஆழம், நகரசபையில் எத்தனை பேர், கோட்டையை எந்த நூற்றாண்டில் கட்டினார்கள் என்றெல்லாம் பாடமாக்கியவன் நான். அந்தப் பழக்கத்தில் வலே மாநிலத்தையும் பாடமாக்கினேன். சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்கள் எடுத்து, ஒரு கொப்பியில் குறிப்பெழுதினேன். திராட்சைத் தோட்டம், உருக்கிய பாற்கட்டி, தங்களுக்குள் முட்டிச் சண்டைபிடிக்கும் கறுப்பு மாடுகள். நிரோஜன் கொப்பியைப் பார்த்தான்.

“அப்பா, ஆமியிலை இது ஒண்டும் கேக்கமாட்டினம்.”

“கேட்டால்?”

அவன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டான்.

4

ஒரு வெள்ளிக்கிழமை நானும் பத்மாவும் விடுப்பு எடுத்து, மூவருமாகப் புறப்பட்டோம். இரண்டு பெட்டி இடியப்பம், சம்பல், அவித்த முட்டை, ஆறு போத்தல் தண்ணீர். ஊற்றுநீருக்குப் பெயர்போன மலைக்குத் தண்ணீர் காவிக்கொண்டு போன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். ரயில் மலையைக் குடைந்து அந்தப் பக்கம் போனது. பிறகு மஞ்சள் தபால் பஸ். வளைவுக்கு வளைவு ஒரு மாதா சொரூபம் வந்தது. பத்மா ஒன்றையும் விடாமல் கும்பிட்டாள். பதினாலாவது வளைவில் அவளுக்குத் தலைசுற்றியது, அதற்கும் மாதாவிடமே முறையிட்டாள்.

முகாமைக் கடந்தபோது வீதியில் ஒரு குருவி இல்லை. நாலு நீளக் கட்டடம், ஒரு கொடி, வாசலில் பூச்செடி.

“இதுவோ முகாம்? மண்மூட்டை எங்கை?” என்று பத்மா கேட்டாள்.

“இஞ்சை மண்மூட்டை இல்லையம்மா. சண்டை இல்லைத்தானே” என்றான் நிரோஜன்.

“அப்ப ஆமி எதுக்கு?”

சுவிஸ் பாராளுமன்றத்தில் காலங்காலமாகக் கேட்கிற கேள்வி இது.

மேல் கிராமத்தில் லோகநாதன் காத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் சிவந்த முகம். எங்களைக் கண்டதும் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. நேருக்கு நேர் ஒருவரோடு தமிழில் கதைத்து ஆறு மாதமாம். அவரோடு நடந்து இறங்கி முகாம் வேலியை ஒரு சுற்றுச் சுற்றினோம். பத்மா முறையாகப் பார்த்தாள். குசினி எந்தத் திசை, மலசலகூடம் எத்தனை, படுக்கிற அறைக்கு ஜன்னல் இருக்கிறதா. வேலிக்கு வெளியே இருந்த ஊற்றில் தண்ணீரை ஒரு மிடறு குடித்து வாயில் வைத்து யோசித்தாள்.

“தண்ணி நல்லம்” என்று தீர்ப்பு வந்தது.

அப்போது மாட்டோடு வந்த ஒரு கிழவனார் எங்களைப் பார்த்து நின்று ஏதோ கேட்டார். அந்தப் பள்ளத்தாக்குப் பேச்சு மற்ற சுவிஸ்காரருக்கே விளங்காது என்று என் கொப்பியில் குறித்திருந்தேன். நிரோஜன் வாயைத் திறந்தபடி நின்றான். என் ஜெர்மனைக் கேட்டால் எப்போதும் கண்ணை உருட்டுகிறவன். லோகநாதன் குறுக்கே வந்து, அந்த மலைப்பேச்சில் பொழிந்து தள்ளிவிட்டு, என் மகன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, அவர் கேக்கிறார், நீர் ஆமிக்கு வரப்போற பெடியனோ எண்டு. வேலியைச் சுத்துற ஆக்கள் ஒண்டில் ஆமிக்கு வரப்போறவையாம், இல்லாட்டி ஆமியிலையிருந்து ஓடப்போறவையாம்.”

சுவிஸில் வளர்ந்த பிள்ளைக்கு சுவிஸ்காரர் பேசியதைத் தமிழில் சொல்லி விளங்கப்படுத்த வேண்டி வந்தது. அன்றைய செலவுக்கு எனக்கு அதுவே போதும். நிரோஜனே சிரித்துவிட்டான். இடியப்பத்தைப் புல்லில் இருந்து சாப்பிட்டோம். கிழவனாரும் ஒரு அவித்த முட்டை எடுத்தார். பத்மா கைப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காலை நீட்டினாள். மனம் ஒப்பப்போகிறது என்று எனக்குப் பட்டது.

5

பின்னேரம் மேல் கிராமத்துக்குத் திரும்பி, லோகநாதனிடம் விடைபெற்று, நாலு மணிக்குக் கீழே போகும் பஸ்ஸில் ஏறினோம். நானும் பத்மாவும் நடுக்கதவுக்குப் பக்கத்தில். நிரோஜன் கடைசி வரிசையில், காதில் பாட்டு, கண் மூடியிருந்தது.

முகாம் வாசலில் பஸ் நின்றது. காலையில் வெறுமையாகக் கிடந்த வீதியின் இரண்டு பக்கமும் இப்போது ஆமிக்காரர். தோளில் துவக்கு, காலடியில் பெரிய பைகள். சாரதி எஞ்சினை நிறுத்தினார். கதவுகள் திறந்தன.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள் என்று லோகநாதன் சொன்னது என் காதில் இருந்தது. காலுக்கு அது போய்ச் சேரவில்லை. ஊரில் சென்றி என்கிற ஆமிச் சோதனைச்சாவடி வந்தால் சாரதி எஞ்சினை நிறுத்துவார். எல்லோரும் இறங்கவேண்டும். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக, ஆமிக்காரனைத் தாண்டி, மறுபக்கம்வரை நடக்கவேண்டும். வெறும் பஸ்ஸைச் சோதித்துவிட்டு விடுவார்கள். அது வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். ஒருவரும் எழும்பச் சொல்வதில்லை. சொல்லும்வரை இருந்தவர்களுக்கு அடி விழுந்தது.

நான்தான் முதலில் எழும்பினேன். பிரசங்கம் செய்த அதே ஆள்தான். பத்மா எனக்குப் பின்னால் இறங்கினாள். சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தேன். மூன்று வருடம் முன் கிடைத்த சுவிஸ் அட்டை. வீதியோரமாக, தலையைக் குனிந்து, வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல் நடந்தோம். வரிசையின் முடிவில் நின்ற பெடியனிடம் அட்டையை நீட்டினேன். பொன்னிறத் தலை, மூக்கில் வெயில் சுட்ட தோல். அவன் வாங்கிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி அட்டையைப் பார்த்தான்.

“படம் நல்லாய் வந்திருக்கிறது” என்று ஜெர்மனில் மரியாதையாகச் சொல்லித் திருப்பித் தந்தான். பிறகு தன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினான். எல்லோரும் ஏறினார்கள்.

நாங்கள் ஐம்பது மீட்டர் தள்ளிப்போய், பஸ் வரட்டும் என்று நின்றோம். அட்டை இன்னும் கையில். எஞ்சின் உயிர் பெற்றது. பஸ் வந்தது. எங்களைக் கடந்து போனது.

கடந்து போகும்போது கடைசி ஜன்னலில் நிரோஜனைக் கண்டோம். கண் மூடியபடி. முன்னாலும் பக்கத்திலும் சீருடைகள்.

“பிள்ளை உள்ளுக்கு!” என்றாள் பத்மா.

அவனைக் கைக்குழந்தையாக வைத்திருந்த காலத்தில் எத்தனையோ சென்றிகளில் இறங்கியிருக்கிறோம். ஒரு தரமும் அவனை விட்டுவிட்டு இறங்கியதில்லை. இன்றைக்கு விட்டுவிட்டோம்.

அவள் ஓடினாள். நாற்பத்தாறு வயது, இரண்டு முழங்காலிலும் வருத்தம், இரண்டு மாடி ஏற லிஃப்ட் கேட்கிறவள். வீதியின் நடுவில், “நிப்பாட்டு, நிப்பாட்டு” என்று கத்திக்கொண்டு ஓடினாள். அவளுடைய அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. அது எங்கேயிருந்து வந்தது என்று மட்டும் தெரியும். எங்களுக்குக் கலியாணமாவதற்கு முந்தின வருடம், அவளுடைய தம்பியைச் சீருடைக்காரர் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வயது. அவள் சந்திவரை பின்னால் ஓடினாள். இதை என்னிடம் ஒரே ஒருதரம் சொல்லியிருக்கிறாள். மாமா காணாமல் போனவர் என்பது நிரோஜனுக்குத் தெரியும். அதற்குமேல் நாங்கள் சொன்னதுமில்லை, அவன் கேட்டதுமில்லை.

நானும் ஓடினேன். எனக்கு மூச்சு வாங்கியது. வளைவில் பஸ் மறைந்தது.

வளைவைத் திரும்பினால், பஸ் நிற்கிறது. நடுவீதியில், தரிப்பிடமே இல்லாத இடத்தில். நேர அட்டவணையைத் தெய்வமாகக் கும்பிடுகிற நாட்டில், ஒரு தபால் பஸ் சும்மா நிற்கிறது. கதவு திறந்து நிரோஜன் பாய்ந்து வந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆமிக்காரர் ஓடிவந்தார்கள். ஒருவன் முதலுதவிப் பெட்டி வைத்திருந்தான். மற்றவன் என் அட்டையைப் பார்த்த பொன்னிறத் தலை. துவக்கை அவன் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்திருந்தான். பத்மா மகனைப் பிடித்தாள். முகத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள், இருக்கிறானா என்று பார்த்தாள்.

“என்ன அம்மா? ஏன் இறங்கினீங்கள்? அது நாங்கள் இறங்குற ஹோல்ட் இல்லை. இந்தப் பெடியன்தான் என்னைத் தட்டி எழுப்பினவன், ‘அது உன்ர அப்பா அம்மாவோ, ஓடி வருகினம்’ எண்டு கேட்டவன், பஸ்ஸையும் நிப்பாட்டினவன்.”

பொன்னிறத் தலை என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அட்டை காட்டியபோதே என்ன வேண்டுமென்று கேட்டிருக்க வேண்டுமாம். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் கேட்காமல் விட்டுவிட்டானாம்.

6

பஸ்ஸில் ஏறினபோது பத்மாவுக்கு மூன்று பேர் எழும்பி இடம் விட்டார்கள். முதலுதவிப் பெட்டிக்காரன் தண்ணீர் கொடுத்தான். சாரதி ஒலிபெருக்கியில், ஆறு நிமிடத் தாமதத்திற்கு வருந்துவதாகச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. ஒரு பயணியும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் எல்லாவற்றையும் பார்த்து முடிப்பதில் சுவிஸ்காரரை மிஞ்ச ஆளில்லை.

நிரோஜன் எங்களுக்கு முன்னால் நின்றான். காதில் பாட்டு இல்லை.

“அப்பா, சொல்லுங்கோ. ஏன் இறங்கினீங்கள்?”

சொன்னேன். எஞ்சின் நிற்பது, அட்டை, வரிசை, மறுபக்கம். சொல்லச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எதற்கு வெட்கம் என்று தெரியவில்லை, ஆனால் இருந்தது. பகிடியாக முடிக்கலாம் என்று, “படம் நல்லாய் இருக்கெண்டு சொன்னவன்” என்றேன். அவன் சிரிக்கவில்லை. எங்களைச் சுற்றி நின்ற துவக்குகளை ஒருதரம் பார்த்தான். பிறகு தாயின் பக்கம் குனிந்தான்.

“அம்மா, அந்த டொக்டரின்ர கடிதத்தைத் தாங்கோ. முதல்நாளே குடுக்கிறன். என்னையும் இந்த உடுப்போடை நீங்கள் பாக்க வேண்டாம்.”

பயணம் முழுவதும், அதற்கு முந்தின மூன்று வாரம் முழுவதும், பத்மா கேட்க ஏங்கின வார்த்தை இது. எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, அதை மறைக்கவில்லை. கைப்பை அவளுடைய மடியில் இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. முழங்காலைத் தேய்த்தாள்.

“மாமாவை ஏத்தின வண்டிக்குப் பின்னாலையும் நான் இப்பிடித்தான் ஓடினனான்” என்றாள். “அது நிக்கேல்லை அப்பன். இது நிண்டது. நீ போயிட்டு வா.”